எத்தனை நாற்று என்று எழுதுகிறீர்கள், எந்த மரத்து நாற்று என்று யார் எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எண்ணூர் கழிமுகத்தில் அலையாத்தி நாற்று நடுவது பற்றி உங்கள் பத்திரிகையில் அவ்வப்போது செய்தி வருகிறது. படத்தில் நாலைந்து பேர் முழங்கால் சேற்றில் நிற்பார்கள், கையில் ஆளுக்கொரு நாற்று, கீழே எத்தனை ஆயிரம் நட்டார்கள், எத்தனை ஹெக்டேர் என்று ஒரு வரி. நல்ல செய்திதான், அதைக் குறை சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. ஆனால் அந்த நாற்றெல்லாம் எந்த ஊர்க் கழியிலிருந்து வந்தது, எத்தனை மரத்தில் காய் எடுத்தார்கள் என்பது அந்த வரியில் இருந்து நான் பார்த்ததில்லை. நிருபரும் கேட்பதில்லை, நடுகிறவர்களும் சொல்வதில்லை. நான் திருவொற்றியூரில் இருக்கிறேன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை, அதனால் மற்றவர்களுக்குப் பொடி விஷயமாகத் தெரிவது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நம் எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் அதிகம் நிற்பது வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம். இதன் விதை மரத்தில் இருக்கும்போதே காய்க்குள் முளைவிட்டுவிடும், கீழே விழுந்து தண்ணீரில் ஊறியதும் தோல் கழன்று, அலை கொண்டுபோய்ச் சேர்க்கும் சேற்றில் வேர் பிடிக்கும். நாற்றங்காலுக்கு வேண்டும் என்றால் அந்தக் காயைத்தான் ஆள் வைத்துப் பொறுக்குவார்கள். படகு போகிற இடத்தில், கைக்கு எட்டுகிற கிளையில், கொத்துக் கொத்தாய்க் காய்த்த மரம் எதுவோ அதில்தான் யாரும் முதலில் கை வைப்பார்கள், கூலி மூட்டைக் கணக்கில் என்றால் கேட்கவே வேண்டாம். நாலைந்து மரத்திலேயே சாக்கு நிறைந்துவிடும். அப்புறம் பாலிதீன் பையில் ஊன்றி, சில மாதம் கழித்து வரிசையாக நட்டால் பார்க்க ஒரே பச்சை. பலகையில் பத்தாயிரம் என்று எழுதியிருக்கும், மரபியல் கணக்கில் அது நாலைந்து தாய்களின் பிள்ளைகள். எண்ணூரில் இப்படித்தான் நடக்கிறது என்று நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. அப்படி நடக்கவில்லை என்று காட்டக்கூடிய ஏடு ஒன்று பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு நான் பார்த்ததில்லை, என் குறை அவ்வளவுதான்.

இதில் என்ன கெட்டுப்போனது, மரம் மரம்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு காட்டில் ஏதோ ஒரு மரபணுவின் அரிய வடிவம் நூற்றுக்கு 5 என்ற அளவில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அதிக உப்பைத் தாங்கும் வடிவமாக இருக்கலாம், ஒரு பூஞ்சைக்கு எதிராக நிற்பதாக இருக்கலாம், இன்றைக்கு ஒன்றுக்கும் பயன்படாததாகவும் இருக்கலாம். ஒவ்வொரு மரத்திலும் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள். ஒன்றுக்கொன்று உறவில்லாத 5 மரத்திலிருந்து காய் எடுத்தால் 10 பிரதிகள்தான் கைக்கு வருகின்றன, அந்த அரிய வடிவம் அதில் ஒன்றில்கூட இல்லாமல் போக வாய்ப்பு நூற்றுக்கு 60. அதையே 30 மரத்திலிருந்து எடுத்தால் 60 பிரதிகள், தவறவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 5-க்கும் கீழே போய்விடுகிறது. மகரந்தம் வழியாக மற்ற மரங்களின் பங்கும் கொஞ்சம் வந்து சேரும், நான் தாய்மரத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு இது. விதை சேகரிப்பவர்கள் குறைந்தது 30, முடிந்தால் 50 தாய்மரம் என்று சொல்வதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான், யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன எண் இல்லை.

விஷயம் தெரிந்தவர் ஒருவர் இங்கே குறுக்கே கேட்கலாம். 5 மரத்திலிருந்து எடுத்தாலும் சராசரி மரபணு வேறுபாட்டில் ஒரு தலைமுறையில் பத்தில் ஒரு பங்குதானே குறையும், 90 சதவீதம் தங்கிவிடுமே, இதற்குப் போய் இவ்வளவு பேச்சா என்று. உண்மைதான், சராசரி அவ்வளவு சீக்கிரம் விழாது. முதலில் காணாமல் போவது அரிதாக இருப்பவைதான், நிலைமை தலைகீழாக மாறும்போது கைகொடுப்பதும் பெரும்பாலும் அவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எண்ணூரில் நிலைமை எப்படி எப்படி மாறும் என்று வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல், சூடான தண்ணீர், முகத்துவாரம் மணல் அடைத்துக்கொள்வது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்து சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் மூச்சு வேர்களின் மேல் அப்பிக்கொண்ட எண்ணெய். அடுத்தது என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்.

இன்னொன்று, இந்த உடன்பிறப்பு நாற்றுகள் வளர்ந்து பூக்கும்போது என்ன ஆகும்? வெண்கண்டல் பூவுக்கு வருவது தேனீ மாதிரிப் பூச்சிகள், அவை ஒரு மரத்தில் உட்கார்ந்தால் அடுத்துப் போவது பக்கத்து மரத்துக்குத்தான். பக்கத்தில் நிற்பது அண்ணனோ தங்கையோ என்றால் சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற கதைதான். ஒன்றிரண்டு தலைமுறைக்கு வெளியே ஒன்றும் தெரியாது, அப்புறம் காய் குறையும், முளைப்பது குறையும், முளைத்ததும் நோஞ்சானாக நிற்கும். உட்கலப்பால் வரும் நலிவு என்று பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் முடித்துவிடுகிறோம். உலகில் வெண்கண்டல் பரவியிருக்கும் எல்லையின் ஓரங்களில் உள்ள கூட்டங்களை ஆராய்ந்தபோது மரபணு வேறுபாடு மிகக் குறைவாகவும் உட்கலப்பு அதிகமாகவும் இருந்தது. அங்கே அது இயற்கையாக நேர்ந்தது, இங்கே நாமே சாக்கில் கட்டிக் கொண்டுவந்து அப்படிச் செய்துவிடக் கூடாது.

சரி, எங்கிருந்து எடுப்பது? எனக்கு அதிக ஆர்வம் இருப்பது இதில்தான், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர்ப் பக்கம் போனால் தலைக்கு மேலே முதலில் தெரிவது உயர் மின்கோபுரங்கள். பிரிட்டனிலும் இதே மாதிரி கோபுரங்கள் உண்டு, துருப்பிடிக்காமல் இருக்க இரும்பின் மேல் துத்தநாகம் பூசியிருப்பார்கள், மழை பெய்யப் பெய்ய அது கரைந்து கீழே மண்ணில் இறங்கும். அதிகத் துத்தநாகம் செடிக்கு விஷம். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பிராட்ஷா என்ற தாவர அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 1980-களின் கடைசியில் அந்தக் கோபுரங்களின் காலடியில் முளைத்த புற்களை எடுத்துச் சோதித்தார்கள். கோபுரம் நட்டுச் சில பத்தாண்டுகள்தான் ஆகியிருந்தது, அதற்குள் சில கோபுரத்தின் கீழே இருந்த புல் துத்தநாகத்தைத் தாங்கும் புல்லாக மாறியிருந்தது, சற்றுத் தள்ளி நின்ற அதே இனப் புல்லுக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை. பரிணாமம் என்றால் கோடி வருஷம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். எனக்கு இதைவிடவும் முக்கியமாகப் படுவது, எல்லாக் கோபுரத்தின் கீழேயும் இது நடக்கவில்லை என்பதுதான். அதே விஷம், அதே மழை, ஆனால் சில கோபுரங்களின் கீழே அந்தப் புல் தேறவில்லை, ஏனென்றால் சுற்றியிருந்த புல்லில் தாங்கும் மரபணு வடிவங்கள் போதிய அளவு இல்லை. இயற்கைத் தேர்வு என்னதான் கழுத்தைப் பிடித்து நெரித்தாலும், இருப்பதிலிருந்துதான் அது தேர்ந்தெடுக்க முடியும், இல்லாததை உண்டாக்கித் தராது.

அதற்கு முன்பே, 1960-களில், வேல்ஸ் நாட்டு ட்ரெலோகன் என்ற பழைய சுரங்கத்தின் குப்பைமேட்டில் இதே ஆட்கள் பார்த்தது இன்னும் வேடிக்கை. சுரங்க மண்ணில் நிற்கும் புல்லும் பக்கத்து மேய்ச்சல் நிலத்துப் புல்லும் சில மீட்டர் தூரத்திலேயே குணத்தில் பிரிந்து நிற்கின்றன, காற்றில் மகரந்தம் இங்கிருந்து அங்கே பறந்துகொண்டிருக்கும்போதே. சுரங்கப் புல் சற்று முன்னதாகவே பூத்தும் விடுகிறது, பக்கத்து மகரந்தம் வந்து குழப்பாமல் இருக்க அதுவே ஒரு வேலி மாதிரி. அந்தச் சுரங்கப் புல்லைக் கொண்டுபோய் நல்ல மண்ணில் மற்றப் புல்லோடு போட்டிக்கு விட்டால் பெரும்பாலும் தோற்றுவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஓரிடத்தில் கெட்டிக்காரன் இன்னோர் இடத்தில் சோப்ளாங்கி.

இப்போது எண்ணூருக்கு வருவோம். சாம்பல் படிந்த வாய்க்கால் ஓரத்தில் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்து, பூத்து, காய்த்து நிற்கிற வெண்கண்டல் மரம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தேர்வை எழுதி முடித்த மரமாக இருக்கலாம். அதிர்ஷ்டத்தில் தப்பிய மரமாகவும் இருக்கலாம், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். புல் வருஷா வருஷம் விதை விடுகிறது, வெண்கண்டல் முளைத்துப் பூப்பதற்கே பல வருஷம் ஆகும், அதனால் புல்லில் நடந்தது இதிலும் நடந்தே தீர்ந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சோதித்துப் பார்ப்பது அப்படியொன்றும் ராக்கெட் வேலை இல்லை. எண்ணூர்க் காய், பழவேற்காட்டுக் காய், பிச்சாவரத்துக் காய் மூன்றையும் ஒரே நாற்றங்காலில் ஒரே சேற்றில் போட்டு, ஒரு வரிசைக்கு எண்ணூர்ச் சாம்பல் கலந்த மண், ஒரு வரிசைக்கு நல்ல மண் என்று வளர்த்தால் இரண்டு மூன்று வருஷத்தில் ஏதாவது தெரிய ஆரம்பிக்கும். எப்படியும் நாற்றங்கால் போடுகிறோம், அதையே ஒரு பரிசோதனையாகவும் ஆக்கிக்கொள்ள கூடுதலாகத் தேவைப்படுவது பைகளில் ஒரு அடையாள வில்லையும் ஒரு நோட்டும்தான்.

பிச்சாவரம் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். அங்கே காய் தாராளமாகக் கிடைக்கும், சுரபுன்னை என்ற இன்னொரு அலையாத்தி வகையும் கிடைக்கும், அதன் காய் நீளமாகப் பென்சில் மாதிரி இருப்பதால் நேரே சேற்றில் குத்திவிட்டு வந்துவிடலாம், படத்துக்கும் அழகாக இருக்கும். ஆனால் நம் கழியில் அலை ஏறி இறங்கும் திறந்த சேற்றில் முன்னால் வந்து நிற்பது வெண்கண்டல். நடுவதற்குச் சுலபம் என்பதற்காக அந்த இடத்தில் சுரபுன்னையை வரிசையாகக் குத்திய பல நாடுகளில், பிலிப்பைன்ஸ் உட்பட, பெரும்பகுதி செத்துப்போனது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். வெளியூர் விதையே கூடாது என்று ஒரேயடியாக அடம்பிடிக்கவும் நான் வரவில்லை. எண்ணூரில் மிச்சமிருக்கும் மரங்கள் குறைவு, அதிலிருந்து மட்டுமே எடுத்தால் முன்னே சொன்ன உட்கலப்புச் சிக்கலில் போய் விழுவோம். எண்ணூர்க் கழிக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் இடையே பக்கிங்காம் கால்வாய் வழியாகத் தண்ணீர்த் தொடர்பு இருக்கிறது, காய் மிதந்து வர அதுவே வழி. அதனால் முதலில் எண்ணூர், அதோடு பழவேற்காடு, இவை போதாது என்றால் மட்டும் தூரத்து விதை, அதுவும் தனி வரிசையாக, அடையாளத்தோடு என்பது என் யோசனை. இதில் எனக்கு மேலே படித்தவர்கள் மாற்றுக் கருத்துச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

ஆராய்ச்சிக்கு வழி இல்லாத ஊராக இருந்தால்கூடப் பரவாயில்லை. வெண்கண்டலின் முழு மரபணுத் தொகுதியை 2021-இல் வெளியிட்டவர்களில் புவனேஸ்வரத்து உயிர் அறிவியல் நிறுவனத்தாரோடு நம் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். ஆட்களும் இருக்கிறார்கள், 31 குரோமோசோம்களில் சுமார் 45 கோடி டி.என்.ஏ. எழுத்துகளைக் கோத்து வைத்துவிட்டார்கள். இந்த மரம் உள்ளே போகும் உப்பில் 40 சதவீதத்தை இலைச் சுரப்பி வழியாக வெளியே தள்ளிவிடுகிறது என்பதும் அதோடு வந்த தகவல். தரமணியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதே மரத்தின் உப்பு தாங்கும் மரபணுவைப் பிரித்தெடுத்து நெல்லில் சேர்த்துப் பார்த்தார்கள். தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகமும் அதே தரமணி. தென்சென்னையில் இவ்வளவு இருக்க, வடசென்னையில் நிற்கும் மரத்துக்கு ஒரு தாய்மரப் பதிவேடு இல்லையென்றால் என்ன சொல்வது, நம் ராசி என்றுதான் சொல்லவேண்டும்.

அலையாத்திக்கு மட்டும் இந்தப் பேச்சு இல்லை. 2021-இல் தமிழக அரசின் முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை கொடுப்பதாக அறிவித்தார்கள், அதற்கப்புறம் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து ஏரிக்கரைகளிலும் இளைஞர்கள் பனை விதை நடுவதைப் பார்க்கலாம், சந்தோஷமான காட்சி. பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒரு கரையில் 100 பனை இருக்கிறது, அதில் 90 பெண், 10 ஆண் என்று வைத்துக்கொண்டால், அடுத்த தலைமுறைக்கு அப்பன் வழியில் பாதி மரபணு அந்த 10 மரத்திலிருந்தே வந்தாகவேண்டும். மரபியல் சூத்திரப்படி இந்த 100 மரம், ஆணும் பெண்ணும் சமமாக நிற்கும் 36 மரத்துக்குத்தான் சமம். கண்ணுக்கு 100, கணக்குக்கு 36. ஒரே தோப்பில் விழுந்த பனங்கொட்டையை மூட்டை கட்டிக்கொண்டு போய் ஒரு மாவட்டம் முழுக்க நட்டால் அந்த 36-க்கும் கீழே உள்ள எண்ணைத்தான் ஊர் ஊராகப் பரப்புகிறோம். பனை ஆணா பெண்ணா என்று தெரியவே பத்துப் பதினைந்து வருஷம் ஆகும், அன்றைக்குத் திருத்த யாரும் இருக்கமாட்டார்கள்.

உலக அளவில் இதற்கு ஒரு வரையறையும் வந்துவிட்டது. 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் நாடுகள் ஒப்புக்கொண்ட பல்லுயிர் உடன்பாட்டில், இந்தியாவும் சேர்த்துத்தான், மரபணுப் பல்வகைமையைக் காப்பது ஒரு இலக்கு, ஒரு இனத்தின் எத்தனை கூட்டங்களில் இப்படிக் கணக்கிட்ட எண் 500-க்கு மேல் இருக்கிறது என்று பார்ப்பது அதன் அளவுகோல். பொதுவாகக் கணக்கெண் கண்ணால் எண்ணும் எண்ணில் பத்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்வார்கள், அப்படியானால் பூத்துக் காய்க்கும் மரம் சுமார் 5,000 வேண்டும். எண்ணூர்க் கழியில் காய்க்கிற வெண்கண்டல் எத்தனை? நாற்றின் எண்ணிக்கை சொல்பவர்கள் இதற்கும் ஒரு பதில் சொன்னால் நன்றாயிருக்கும்.

இதையெல்லாம் காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது முழுவதும் கேட்டுவிட்டு, "சார், நீங்க தண்ணிய மட்டும் ஒழுங்கா விடச் சொல்லுங்க, செடி தானா வரும்" என்றார். அவர் சொல்வது விஞ்ஞானப்படியும் சரி. பிச்சாவரத்தில் வறண்டு உப்பேறிப்போன இடங்களுக்கு மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலைத் தண்ணீரை உள்ளே விட்டபிறகுதான் காடு திரும்பியது. முகத்துவாரம் திறந்திருந்து, வாய்க்காலில் சாம்பல் அடைக்காமல் இருந்தால், நூற்றுக்கணக்கான மரத்துக் காய் தானாக மிதந்து வந்து ஒதுங்கும், எந்தக் காய் எந்த இடத்துக்கு ஏற்றது என்பதைச் சேறே பார்த்துக்கொள்ளும், கூலியும் இல்லை, பாலிதீன் பையும் இல்லை. அதற்கு இடம் கொடுத்த பிறகு மிச்சத்துக்கு நாற்று நடலாம். ஆனால் வாய்க்கால் தூர்வாருவதைப் படம் எடுத்தால் பச்சையாக இருக்காது, அதுதான் தொல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். காய் சேகரிக்கும்போது எந்த மரம், எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதிவைக்கட்டும், ஃபோனில் இடக்குறி எடுக்க ஒரு நிமிஷம் போதும். 30 மரத்துக்குக் குறையாமல், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் மரங்களாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் சம அளவு காய் எடுக்கச் சொல்லிக் கூலியை மூட்டைக்குப் பதில் மரக் கணக்கில் கொடுக்கட்டும். உள்ளாட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் சட்டப்படி இருக்கவேண்டியவை, அந்தத் தாய்மரங்களை அதிலேயே ஏற்றிவிடலாம். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மரபணுச் சோதனைக்காக மரத்துக்கு ஒரு இலை வீதம் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் காயவைத்து அனுப்பும் வேலையைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள், பரிசோதனைக் கூடம் உள்ளவர்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் நிருபருக்கும் ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வெண்கண்டல் காய்க்கும், அப்போது மறுபடியும் நடுவிழாச் செய்தி வரும். எத்தனை நாற்று என்று கேட்ட கையோடு, எத்தனை தாய்மரம், எந்தக் கழி, போன வருஷம் நட்டதில் எத்தனை உயிரோடு நிற்கிறது என்றும் கேட்டு, பதில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதை அப்படியே அச்சில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர் ஒருவர்,
திருவொற்றியூர், சென்னை.